காப்பி டின்னில் விழுந்த கொம்பு

ஆரின் ட்வெட் ஒரு முறை ‘ச்சு’ கொட்டினால் துப்பாக்கியின் விலை பாதியாக இறங்கும் என்று அமெரிக்காவின் மாண்டானாவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. அடிப்பிடியை இழுத்துக் குண்டு ஏற்றும் பழைய லீவர் துப்பாக்கி ஒன்றை மேசையில் கண்டால் முதலில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். குனிவார். சட்டைப் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்துக் குழலின் மேல் அடித்துப் பார்ப்பார். அப்புறம் நிமிர்ந்து, துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டி, “ச்சு. பாவம். ஒரு காலத்துல நல்லா இருந்திருக்கும்” என்பார். விற்க வந்தவர் தன் துப்பாக்கியையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பார்.

அவர் பார்ப்பது பெரும்பாலும் கொம்பையும் முள்ளையும்தான். குழலின் நுனியில் நிற்கிற சின்னத் தகடு முள். கண்ணுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் வளைந்து நடுவில் ஒரு வெட்டோடு நிற்பது கொம்பு. வெட்டுக்குள் முள்ளை நிறுத்திக் குறி பார்க்க வேண்டும். மாட்டுப் பண்ணைகளில் நூறு வருஷத்துக்கு மேல் அடிபட்ட துப்பாக்கியில் மற்றதெல்லாம் தப்பித்தாலும் இந்த இரண்டும் தப்பிப்பதில்லை. ஒருவனுக்குக் கண் மங்கும், கொம்பைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவான். இன்னொருவன் சுட்டால் மான் விழாது, தன் கையைக் குறை சொல்ல மனசு வராமல் அரத்தை எடுத்து முள்ளைத் தேய்த்துவிடுவான். அதனால் பிறந்தபோது இருந்த கொம்போடும் முள்ளோடும் ஒரு துப்பாக்கி அகப்பட்டால் சேகரிக்கிறவர்களுக்குக் கால் தரையில் பாவாது. பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்துவிடுவார்கள். ஆரினே அப்படி மறந்து ஒரு வாரம் பட்டாணி டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருக்கிறார்.

இத்தனை பெரிய நிபுணருக்குத்தான் போன அக்டோபரில் மானம் போனது. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் சேகரிப்போர் சங்கம் ஒரு கண்காட்சி வைக்கும். எதுவுமே மாற்றப்படாத துப்பாக்கிக்கு முதல் பரிசாக நீல ரிப்பன். ஆரின் தன் உயிருக்கு உயிரான வின்செஸ்டர் 86-ஐக் கொண்டுபோய்ப் பச்சை வெல்வெட் விரித்து வைத்திருந்தார். ரிப்பன் குத்துவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் லைல் பெக்ஸ்ட்ராம் வந்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அறுபது வருஷமாக ஒருவர் காலை ஒருவர் வாருவதுதான் நட்பு. லைல் குனிந்து டார்ச் அடித்து, எல்லாரும் கேட்கிற மாதிரி, “ஏண்டா ஆரின், இந்தக் கொம்பு உங்கப்பா பொறந்ததுக்கு அப்புறம் வந்ததாச்சே?” என்றார். பார்த்தால் உண்மைதான். தன் வீட்டுத் துப்பாக்கியிலேயே கொம்பு மாறியிருப்பதை ஆரின் இருபது வருஷமாகக் கவனிக்கவில்லை. அன்று முதல் காப்பிக் கடையில் அவர் நுழைந்தால் யாராவது இரண்டு விரலைத் தலையில் வைத்துக் கொம்பு காட்டுவார்கள். அடுத்த அக்டோபருக்குள் ஒரு சுத்தமான துப்பாக்கியை அந்த வெல்வெட்டில் வைக்காவிட்டால் ஊரை விட்டே போய்விடுவதாகத் தன் நாயிடம் சொல்லியிருந்தார்.

அதனால்தான் மார்ச் மாதத்துச் சனிக்கிழமைக் காலை, முழங்கால் அளவு பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு மாவட்டச் சந்தைக் கொட்டகைக்கு வந்திருந்தார். அன்று அங்கே துப்பாக்கிச் சந்தை, மற்ற நாளில் ஆட்டுக் கொட்டகை. எத்தனை மேசை போட்டாலும் ஆட்டு வாடை போகாது, யாரும் பொருட்படுத்துவதும் கிடையாது.

கடைசி வரிசையில் ஒரு பெண்மணி துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு துப்பாக்கி. ஆரின் கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார், குனிந்தார், டார்ச்சை அடித்தார்.

வின்செஸ்டர் 86. முள்ளில் அரம் பட்ட தடமே இல்லை. கொம்பு குழலின் குறுக்கே வெட்டிய காடிப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. காடியின் ஓரத்தில் ஒரு சுத்தியல் காயம், ஒரு கீறல், ஒன்றும் கிடையாது. கொம்பிலிருந்து பின்னால் நீளும் தகட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். வெளியே குழலெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, தகட்டின் அடியில் மட்டும் தொழிற்சாலையில் இரும்புக்கு ஏற்றிய நீல மெருகு அப்படியே இருந்தது. அதைத்தான் இவர்கள் நிழல் என்பார்கள். கொம்பு இடம் மாறாமல் அத்தனை காலம் உட்கார்ந்திருந்தால்தான் அதன் உருவத்திலேயே நிழல் தங்கும். ஆரினுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூக்கை உறிஞ்சிச் சமாளித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ச்சு” என்றார்.

“என்னாச்சுங்க?” என்று அந்தப் பெண்மணி பின்னலை நிறுத்தினாள். ஆர்டிஸ் ஹவ்கன் என்று பெயர், வடக்கே மாடு வளர்க்கிறவள். “எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா துப்பாக்கிங்க. அலமாரியத் தொறந்தா கால் மேல விழுது. ரெண்டு தடவ கட்டை விரல் நசுங்கிருச்சு. தொலையட்டும்னு கொண்டாந்தேன்.”

“பாவம். ஒரு காலத்துல நல்லா இருந்திருக்கும்.”

“ஏன், இப்ப நல்லால்லீங்களா?”

“எப்படிம்மா சொல்றது. இந்தக் கொம்பு இதோடது இல்ல. எவனோ எதுலேர்ந்தோ புடுங்கி மாட்டியிருக்கான். முள்ளும் மாத்துனதுதான். கட்டையும் பட்டறைல செஞ்ச கட்டை மாதிரி இருக்கு. லீவர்ல கூட…” என்று இழுத்து, மிச்சத்தைச் சொல்ல மனசு வராதவர் போலக் கையை விரித்தார். “முக்கியமா அந்தக் கொம்புதாம்மா கெடுத்துருச்சு. பொய்க்கொம்பு.”

“அடக் கடவுளே” என்றாள் ஆர்டிஸ். “இது தெரியாம நான் நல்லதுன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேனே.”

“பரவால்ல, நான் அப்புறம் வரேன். யாருமே எடுக்கலேன்னா பாப்போம்.”

இதுதான் முறை. விதையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விற்கிறவர் மனசு ஊற வேண்டும். திரும்பி வரும்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆரின் தின்பண்டக் கவுண்டருக்குப் போய் ஆப்பிள் பை ஒரு துண்டு வாங்கி உட்கார்ந்தார். பாதி தின்பதற்குள் எதிரில் லைல் வந்து உட்கார்ந்தார்.

“என்னடா முகத்துல இத்தனை பிரகாசம்? எதாவது கண்ல பட்டுச்சா?”

“எல்லாம் குப்பை. கடைசி வரிசையெல்லாம் வெறும் சட்டி, கத்தி, கம்பளி. போகாத, கால் வலிதான் மிச்சம்.”

“கடைசி வரிசையா?” என்று லைல் எழுந்தார்.

“உக்காருடா! பை வாங்கித் தரேன்.”

லைலுக்கு ஆரின் பை வாங்கித் தருவது கொட்டகை இடிந்து விழுவதற்கு அறிகுறி. லைல் பயந்துபோய் உட்கார்ந்தார். பையைத் தின்றுவிட்டு மறுபடி எழுந்தார். ஆரின் இன்னொரு துண்டு வாங்கினார், சூப் வாங்கினார், லைலின் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி முதல் முறை கேட்பது போலக் கேட்டார். லைல் கழிப்பறைக்குப் போன பிறகுதான் எழுந்து கடைசி வரிசைக்கு ஓடினார்.

துப்பாக்கி அங்கேயேதான் இருந்தது. ஆனால் குழலின் மேல் என்னவோ பளபளவென்று மின்னியது.

“வாங்க, வாங்க!” என்று ஆர்டிஸ் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். “நீங்க சொன்னதும் எனக்கு மனசே ஆறல. பொய்க்கொம்ப வச்சு ஒருத்தர ஏமாத்தலாமா? அதான் கழட்டித் தூரப் போட்டுட்டு, புதுசா ஒண்ணு மாட்டிட்டேன். பாருங்க, எப்படி ஜொலிக்குது!”

“கழட்… கழட்டிட்டீங்களா?”

“ஒரே தட்டு. வண்டில எப்பவும் சுத்தியல் இருக்கும்.”

“எந்தப் பக்கத்துலேர்ந்தும்மா தட்டுனீங்க?” இடப்பக்கத்திலிருந்து தட்டாவிட்டால் காடி நசுங்கிவிடும்.

“சுத்தியல் இருந்த பக்கத்துலேர்ந்து.”

ஆரின் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். “பழச எங்க போட்டீங்க?”

ஆர்டிஸ் பக்கத்து மேசையைக் காட்டினாள். அது நார்ம் என்பவருடையது. நார்ம் நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் வரிசையாகக் காப்பி டின்கள், ஒன்றில் திருகாணி, ஒன்றில் சுருள்வில், பெரிய டின் நிறையக் கொம்புகள். டின்னில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: ‘ஒன்றைப் போடு, ஒன்றை எடு. போட இல்லாவிட்டால் இரண்டு டாலர்.’

ஆரின் எட்டிப் பார்த்தார். கிழட்டுக் கொம்புகள். எல்லாமே பழுப்பு. எல்லாமே வளைந்தவை. தொலைந்த கொம்பு தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவா போகிறது.

முதல் காரியமாகத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். எந்தச் சந்தையிலும் இது எழுதாத சட்டம்: துப்பாக்கி எவன் கையில் இருக்கிறதோ, அவனுக்குத்தான் முதல் பேச்சு. அவன் கீழே வைக்கும்வரை வேறு எவனும் விலை கேட்கக் கூடாது. கேட்டால் கொட்டகையே காறித் துப்பும். வைத்துவிட்டாலோ அடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். துப்பாக்கியை இடது கையால் அணைத்துக்கொண்டு வலது கையை டின்னுக்குள் விட்டார்.

“என்ன தேடறீங்க? அந்தப் பொய்க்கொம்பையா?” என்று ஆர்டிஸ் கேட்டாள்.

“ஆமாம்மா, சும்மா… ஒரு ஞாபகத்துக்கு.”

“எதோட ஞாபகத்துக்கு? காலைலதானே பாத்தீங்க?”

அதற்குள் ஆரின் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து லைல் வந்து நின்றார். கையில் துப்பாக்கி, வாயில் டார்ச், முழங்கைவரை டின்னுக்குள் கை என்று நிற்கிற பால்ய நண்பனை ஒரு முறை சுற்றி வந்தார். துப்பாக்கியின் முள்ளைப் பார்த்தார். பளபளக்கும் கொம்பைப் பார்த்தார். பிறகு டின்னைப் பார்த்தார். லைலும் நாற்பது வருஷமாக இதே தொழில்தான், அவருக்கு விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மீன் கழுவும் இடத்தில் பூனை உட்காருகிற மாதிரி பக்கத்தில் நின்றுவிட்டார்.

“கை வலிக்குமேடா. கொஞ்சம் கீழ வச்சுட்டுத் தேடேன்” என்றார் அன்பாக.

“ம்ஹூம்” என்றது டார்ச்.

“பத்து ராத்தல் இருக்குமே. பாவம், உனக்குத் தோள்பட்டை வேற சரியில்ல.”

ஒரு கையால் தேடித் தேடி ஆரின் ஒரு பிடிக் கொம்புகளை மேசையில் பரப்பினார். எது என்று கண்ணால் சொல்லிவிட முடியும் என்றுதான் நினைத்தார். ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன் என்று எத்தனை ஊரில் மார்தட்டியிருப்பார்! பார்க்கப் பார்க்க எல்லாக் கொம்பும் ஒரே கொம்பாகத்தான் தெரிந்தது. நிழலோடு வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஆனால் நிழல் மேல் புதுக்கொம்பு உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்ற இரண்டு கை வேண்டும்.

“குடுங்க, நான் தட்டித் தரேன்” என்று ஆர்டிஸ் சுத்தியலை எடுத்தாள்.

“குடுக்க மாட்டேன்!” என்று ஆரின் அலறியதில் டார்ச் கீழே விழுந்தது. “என் கையிலேயே இருக்கட்டும். நீங்க தட்டுங்க.”

அவர் துப்பாக்கியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க, ஆர்டிஸ் நார்மின் மேசையிலிருந்து ஒரு பித்தளைக் குச்சியை எடுத்துக் கொம்பின் மேல் வைத்துத் தட்டினாள். நாலு மேசைக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஆரின், “இடப்பக்கத்துலேர்ந்தும்மா, இடப்பக்கத்துலேர்ந்து!” என்று முனகினார். “யாரோட இடப்பக்கம்?” என்று அவள் கேட்டாள். மூன்றாவது தட்டு அவர் கட்டை விரலில் விழுந்தது. “எங்க வீட்டுலயும் இதான் நடக்கும். இந்தத் துப்பாக்கிக்குக் கட்டை விரல்னா பிடிக்காது” என்றாள் ஆர்டிஸ்.

புதுக்கொம்பு கழன்று விழுந்தது. அடியில் நிழல் நீலமாகக் கிடந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

ஆரின் துப்பாக்கியின் அடிக்கட்டையை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து, இடது கையை எடுக்காமல், கொம்புகளை ஒவ்வொன்றாக நிழல் மேல் வைத்துப் பார்த்தார். ஒன்று நீளம். ஒன்று அகலம். ஒன்று எல்லாம் சரியாக இருந்து வால் நுனி மட்டும் இடித்தது. லைல் பின்னாலிருந்து ‘ச்சு ச்சு’ என்று கொட்டிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்த்து ஊற்றியது. டின்னின் அடியிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்து வைத்தார். பழகின செருப்பில் கால் நுழைகிற மாதிரி அது நிழலுக்குள் போய்ப் பொருந்தியது. ஒரு மயிரிழை கூட நீலம் வெளியே தெரியவில்லை.

“இதான்!” என்று ஆரின் கத்தினார். “இதான் பொறந்த கொம்பு! தொழிற்சாலைல மாட்டுனது! எவனும் தொடல! எவனும் தொடலடா!” கொம்பை விரலில் பிடித்து இரண்டு கைகளையும் கூரைக்குத் தூக்கி ஒரு சுற்று ஆடினார்.

இரண்டு கைகளையும்.

ஆடி முடித்துத் திரும்பியபோது துப்பாக்கி லைலின் கையில் இருந்தது.

நார்ம் கூடத் தொப்பியை விலக்கிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆரினுக்கு அழுகை வந்தது. அறுபத்தெட்டு வயதில், ஆட்டு வாடை அடிக்கிற கொட்டகையில், இத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“என்ன வெலைங்கம்மா?” என்று லைல் குழைவாகக் கேட்டார். கையோடு கையாகக் குனிந்து, “ச்சு. கொம்பே இல்லாத துப்பாக்கி. பாவம்” என்றார்.

ஆர்டிஸ் லைலைப் பார்க்கவில்லை. ஆரினைத்தான் பார்த்தாள். “பொறந்த கொம்புன்னீங்களே இப்ப. காலைல பொய்க்கொம்புன்னீங்க?”

ஆரின் காலால் தரையைத் தேய்த்தார். ஒத்துக்கொண்டால் மானம் போகும். ஒத்துக்கொள்ளாவிட்டால் லைலுக்குத் துப்பாக்கி மலிவாகப் போகும். இந்த இரண்டாவதை நினைத்தவுடன் அவருக்கு உண்மையின் மேல் ஒரு பெரிய பிரியம் வந்துவிட்டது.

“பொய் சொன்னேம்மா” என்றார் நெஞ்சை நிமிர்த்தி. “அது அசல் கொம்பு.”

“டேய்” என்றார் லைல்.

“அப்ப அந்த முள்ளு?”

“முள்ளும் அசல். அரம் படாத முள்ளு.”

“வாய மூடுடா ஆரின்!”

“கட்டை? பட்டறைக் கட்டைன்னீங்க.”

“வால்நட் கட்டைம்மா. தொழிற்சாலை மெருகு கூடப் போகல. நான் வாழ்நாள்ல ரெண்டு மூணுதான் பாத்திருக்கேன்.”

“லீவர்ல என்னவோ சொல்ல வந்து நிறுத்துனீங்களே?”

“சொல்ல ஒண்ணும் இல்ல, அதான் நிறுத்துனேன். அருமையான லீவர்.”

ஒவ்வொரு பதிலுக்கும் ஆர்டிஸின் முகம் மலர்ந்தது, லைலின் முகம் சுருங்கியது. கடைசியில் அவள் சொன்ன விலையைக் கேட்டு லைல் ஒரு நாற்காலியைத் தேடினார். ஆனால் கீழே வைக்க மனசில்லை, வைத்தால் ஆரின் எடுத்துவிடுவார். கூடியிருந்தவர்கள் முன்னால் பின்வாங்கவும் முடியாது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வெற்றிப் பெருமூச்சு விட்டு, “சரிடா, கொம்பக் குடு” என்று கையை நீட்டினார்.

ஆரின் நார்மின் மேசையில் இரண்டு டாலரை வைத்தார். கொம்பைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினார்.

“எந்தக் கொம்பு?” என்றார்.

அன்றிரவு சமையலறையில் உட்கார்ந்து கொம்பைத் துடைத்தபோது அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மேசை முன்னால் நின்று முழு உண்மை சொன்னது இன்றைக்குத்தான், அதுவும் அடுத்தவன் வயிற்றெரிச்சலுக்காக. நாயிடம் சொன்னார். அது தூங்கிவிட்டது.

கோடை முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. லைல் கொம்பில்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு எத்தனையோ கொம்புகளை மாட்டிப் பார்த்தார் என்றும், எதுவும் நிழலுக்குப் பொருந்தவில்லை என்றும் காப்பிக் கடையில் சொன்னார்கள். ஆரினோ துப்பாக்கியில்லாத கொம்பைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். அது குத்திக் குத்தி மூன்று சட்டை ஓட்டையானதுதான் மிச்சம். செப்டம்பர் கடைசியில் லைலின் வண்டி ஆரின் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஹார்ன் மட்டும் அடித்தார், இறங்கவில்லை. ஆரின் கொம்பையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் கண்காட்சியில் பச்சை வெல்வெட் மேல் துப்பாக்கி கிடந்தது. கொம்பும் முள்ளும் நிழலும் எல்லாம் அதனதன் இடத்தில். அட்டையில் இரண்டு பெயர்கள். யார் பெயர் முதலில் என்று இரண்டு நாள் சண்டை போட்டு, கடைசியில் வட்டமாக எழுதியிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். பார்க்க வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். இரண்டு விரலைத் தலையில் வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நடுவர்கள் மூன்று மேசை தள்ளி ரிப்பனோடு வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது ஆர்டிஸ் ஹவ்கன் வந்தாள். ஊரில் யாருடைய அலமாரியில் என்ன துப்பாக்கி இருந்தாலும் இப்போது அவளைத்தான் விற்றுத் தரச் சொல்கிறார்களாம். சட்டைப் பையில் புதுப் பேனா டார்ச். அவள் மேசை முன்னால் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, குழலின் நுனியில் டார்ச்சை அடித்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“ச்சு” என்றாள். “முள்ளு… பாவம். ஒரு காலத்துல நல்லா இருந்திருக்கும்.”

சொல்லிவிட்டு ஆப்பிள் பை வாங்கக் கவுண்டர் பக்கம் போய்விட்டாள்.

அவள் சும்மா சொல்கிறாள் என்று ஆரினுக்குத் தெரியும். அந்த முள் அசல் என்பது அவருக்கு நூற்றுக்கு நூறு தெரியும். லைலுக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். நடுவர்கள் ரிப்பனை நீட்டிக்கொண்டு நின்றபோதும் நிமிரவில்லை.